தோல் துருத்தியா, இரட்டை ஜெட்டா?

வில்ஹெல்ம் மேபாக் 1893-இல் உருவாக்கிய தெளிப்பு கார்புரேட்டரில் (இன்ஜினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கருவி) ஒரே ஒரு ஜெட், அதாவது பெட்ரோல் பீய்ச்சும் நுண்துளை. மெல்ல ஓடும்போது கலவை சரியாக இருக்கும்படி வைத்தால், வேகமெடுத்ததும் பெட்ரோல் மிகுந்து இன்ஜின் கரும்புகை கக்கும். வேகத்துக்குச் சரிசெய்தாலோ, மெல்ல ஓடும்போது பெட்ரோல் போதாமல் கார்புரேட்டர் வழியே திருப்பி வெடிக்கும். இன்ஜினின் உறிஞ்சல் கூடக் கூடக் காற்றை மிஞ்சிப் பெட்ரோல் பெருகுவதுதான் காரணம். இதற்கு வந்த மூன்று தீர்வுகளில், கார்புரேட்டரைச் சரிசெய்பவர் கைக்கு எது வசப்படுகிறது?

பன்ஹார்ட் கார் நிறுவனத்தின் ஆர்தர் க்ரெப்ஸ் 1902-இல் கூடுதல் காற்றுக்கு ஒரு வால்வு வைத்தார். உறிஞ்சல் கூடினால் அது தானே திறக்கும். நல்ல யோசனைதான். ஆனால் எல்லாம் ஒரு சுருள்வில்லின் இறுக்கத்தை நம்பி நிற்கிறது. வில் தளர்ந்தால் கலவையும் மாறிவிடும்.

பிரான்சுவா பவரே வில்லே இல்லாமல் சாதித்தார். அவருடைய ஜெனித் கார்புரேட்டரில் இரண்டு ஜெட்கள். முதன்மை ஜெட் வேகம் கூடும்போது பெட்ரோலை அதிகமாகத் தரும். ஈடுசெய்யும் ஜெட்டுக்கோ, காற்றுக்குத் திறந்த சிறு கிணற்றிலிருந்து பெட்ரோல் வருகிறது. அந்தக் கிணற்றுக்குள் தன் எடையால் ஒழுகும் அளவு மாறாது என்பதால், வேகம் கூடினால் இதன் பங்கு குறையும். ஒன்றின் மிகையை மற்றொன்றின் குறை சமன் செய்கிறது. இதைவிட அழகான கணக்கை நான் கார்புரேட்டரில் கண்டதில்லை. வேகத்தில் புகை வந்தால் முதன்மை ஜெட்டைச் சிறிதாக்க வேண்டும். வேகமெடுக்கும் நேரத்தில் திணறினால் ஈடுசெய்யும் ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் கழற்றி, மாற்றி, ஓட்டிப் பார்த்தாக வேண்டும்.

ஹெர்பர்ட் ஸ்கின்னர் செருப்பு வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். 1905-ஐ ஒட்டி அவர் அமைத்த எஸ்.யூ. கார்புரேட்டரில் தோல் துருத்தி ஒன்று உறிஞ்சலுக்கு ஏற்ப உயரும், காற்றுவழி அகலும், கூடவே கூம்பிய ஊசியும் ஜெட்டிலிருந்து மேலெழும். காற்றும் பெட்ரோலும் சேர்ந்தே அளக்கப்படுகின்றன. பின்னாளில் துருத்தியின் இடத்தில் உலோகப் பிஸ்டன் வந்தது. அம்பாசிடரின் எஸ்.யூ.வைக் கழற்றியவர்களுக்கு அது பழக்கமானதுதான்.

சோதனைக்குக் கருவியே வேண்டாம். இன்ஜின் மெல்ல ஓடட்டும். பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் மிகுதி: ஜெட்டை ஏற்றி இறக்கும் நட்டை மேலே திருக வேண்டும். உடனே அணைந்தால் பற்றாக்குறை: கீழே இறக்க வேண்டும். சற்றே ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. ஒரு குறை உண்டு: ஊசியின் வடிவம் தவறென்றால் எந்தத் திருகலும் உதவாது. இருந்தும் என் தேர்வு எஸ்.யூ.தான்.

திருகத் தொடங்கும் முன், இன்ஜினை நிறுத்திவிட்டுப் பிஸ்டனை முழுவதும் தூக்கி விடுங்கள். 'டக்' என்று விழ வேண்டும். விழாவிட்டால் நட்டைத் தொடாதீர்கள். பிஸ்டனைக் கழற்றித் துடையுங்கள்.