பனாமா கால்வாய்க் கப்பல் பயணம்: மஞ்சள் அட்டையா, ஆறு நாள் கணக்கா?

அமெரிக்காவில் இருக்கும் மகன், மகள் வீட்டுக்குப் போகிற பெற்றோர்கள் அங்கிருந்தே ஒரு சொகுசுக் கப்பல் பயணமும் போய்வருவது இப்போது சாதாரணமாகிவிட்டது. நாங்களும் போனோம். ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் ஏறி, கொலம்பியாவின் கார்த்தகேனாவைத் தொட்டு, பனாமா கால்வாயைக் கடந்து, பசிபிக் கரையோரமாக லாஸ் ஏஞ்சல்ஸ் வரை பதினைந்து நாட்கள். எனக்கு வயது 64, என் கணவருக்கு 67. டிக்கெட் எடுத்த பிறகுதான் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி என்ற கேள்வி எழுந்தது. இரண்டு மாதம் விசாரித்து ஒரு முடிவுக்கு வந்தோம். அதே பருவத்தில் வேறொரு கப்பலில் போன என் தம்பி நேர்மாறான முடிவை எடுத்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அப்படித்தான் கிடைத்தது.

முதலில் கொரோனா விதிகள். 2021இல் அமெரிக்கத் துறைமுகங்களில் தடுப்பூசிச் சான்றும் பரிசோதனை முடிவும் இல்லாமல் ஏறுவது பெரும்பாடாக இருந்தது. 2022 ஜூலையில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கப்பல்களுக்கான தன் கொரோனா திட்டத்தை முடித்துக்கொண்டது. அந்த ஆண்டு இறுதிக்குள் பெரும்பாலான நிறுவனங்கள் கட்டாயத்தைக் கைவிட்டன. எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இதில் இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மஞ்சள் காய்ச்சல் அப்படியல்ல. இதுவும் நாம் மஞ்சள் காமாலை என்று சொல்லும் நோயும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "காமாலை ஊசி முன்பே போட்டாயிற்றே" என்று உறவினர் இருவர் என்னிடம் சொன்னார்கள். அவர்கள் சொன்னது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. மஞ்சள் காய்ச்சல் வேறு வைரஸ், ஏடிஸ் கொசு பரப்புவது. நம் ஊரில் டெங்கு பரப்புகிற அதே ஏடிஸ் எஜிப்டி கொசுதான். கொசு இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது, வைரஸ் மட்டும் இதுவரை இந்தியாவுக்குள் வரவில்லை. வந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்தால், இந்திய அரசு இந்த ஒரு நோயில் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது என்பது புரியும். அந்தக் கண்டிப்பை நான் மனதார ஆதரிக்கிறேன்.

விதி இதுதான். மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாட்டை விட்டுக் கிளம்பிய ஆறு நாட்களுக்குள், தடுப்பூசிச் சான்று இல்லாமல் இந்தியாவில் வந்து இறங்கினால், ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். பனாமா, கொலம்பியா இரண்டும் இந்திய அரசின் அபாய நாடுகள் பட்டியலில் உள்ளவை. பட்டியல் நாடு வாரியாகப் பார்க்கிறது, ஊர் வாரியாக அல்ல. பனாமாவில் அபாயம் கால்வாய்க்குக் கிழக்கே உள்ள காட்டுப் பகுதிகளில்தான். கால்வாயை மட்டும் கடப்பவர்களுக்கு மருத்துவக் காரணத்துக்காக ஊசி தேவையில்லை என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரையும். சென்னை விமான நிலையத்தில் அந்த நுணுக்கம் எடுபடாது. எங்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த முகவர், "கப்பல்காரர்கள் கேட்கவில்லை, அதனால் கவலை வேண்டாம்" என்றார். கேட்கப்போவது கப்பல் அல்ல, நம் நாடு என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆகவே வழிகள் இரண்டு. ஊசி போட்டு, அதற்கான பன்னாட்டுத் தடுப்பூசிச் சான்றான மஞ்சள் அட்டையை வாங்கிக்கொள்வது. அல்லது ஊசி இல்லாமல் போய், அந்த நாடுகளை விட்டு வந்தபின் ஆறு நாளுக்கு மேல் கடத்திவிட்டு ஊர் திரும்புவது. மெக்சிகோவின் கொசுமெல், ஜமைக்கா என்று போகும் மேற்குக் கரீபியன் கப்பலில் ஏறினால் இந்தத் தொல்லையே இல்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் கால்வாய் பார்க்க ஆசைப்பட்டவருக்கு அது மாற்று ஆகாது.

தம்பி ஊசி வழி. அவனுக்கு 47 வயது, இரண்டு வார விடுப்புதான். அவன் போனது கால்வாய்க்குள் பாதி நுழைந்து, கட்டூன் ஏரியில் திரும்பி, மீண்டும் ஃபுளோரிடாவுக்கே வரும் கப்பல். பனாமாவை விட்ட ஐந்தாம் நாள் சென்னையில் இறங்க வேண்டியிருந்தது. அவனுக்கு வேறு வழியே இல்லை. சென்னை கிண்டியில் உள்ள அரசின் கிங் நோய்த்தடுப்பு மருத்துவ நிலையத்தில் போட்டுக்கொண்டான். செலவு சில நூறு ரூபாய். இதையே அமெரிக்காவில் போட்டால் நூறு டாலரைத் தாண்டும். குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள். ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருக்கும், திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதால் ஆட்களைச் சேர்த்துத்தான் அழைப்பார்கள். பாஸ்போர்ட்டை எடுத்துப் போக வேண்டும், அதன் எண் அட்டையில் ஏறும். மறுநாள் உடல்வலியும் இலேசான காய்ச்சலும் இருந்ததாகச் சொன்னான். சென்னையில் அட்டையைக் காட்டியதும் விட்டுவிட்டார்களாம். இதெல்லாம் அவன் சொல்லக் கேட்டது.

அட்டைக்கு இரண்டு கணக்குகள் உண்டு. போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். ஆனால் 2016 ஜூலை 11 முதல், ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுவதும் செல்லும். பழைய அட்டையில் பத்து ஆண்டு என்று எழுதியிருந்தாலும் அதுவும் இப்போது ஆயுளுக்கும் செல்லும், மறுபடி போட வேண்டாம். அறுபதுக்குக் கீழே இருப்பவர், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எதுவும் எடுக்காதவர், முட்டை ஒவ்வாமை இல்லாதவர் என்றால் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்பேன்.

எங்களுக்கு வயதுதான் தடை. இது உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸால் ஆன தடுப்பூசி. 17டி என்ற அந்த வகையை உருவாக்கிய மேக்ஸ் தெய்லருக்கு 1951இல் நோபல் பரிசு கிடைத்தது. எத்தனையோ கோடிப் பேரைக் காப்பாற்றியிருக்கிறது, அதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால் அறுபது வயதுக்கு மேல் முதன்முறையாகப் போடும்போது உள்ளுறுப்புகளைப் பாதிக்கும் கடுமையான பின்விளைவு கூடுதலாக வருகிறது. கூடுதல் என்றாலும் லட்சத்தில் ஓரிருவர் என்ற அளவுதான். அந்நோய் பரவும் இடத்துக்குப் போகிறவர் அந்தச் சிறு அபாயத்தை ஏற்பது நியாயம். கால்வாய்க் கரையில் நோய் அபாயம் இல்லாதபோது, வெறும் சட்டத்துக்காக, 67 வயதில், சர்க்கரை நோயும் உள்ள என் கணவர் அதை ஏற்க வேண்டுமா? எங்கள் குடும்ப மருத்துவர் கேட்ட கேள்வி இது. விலக்குச் சான்று எழுதித் தரலாம், ஆனால் அதைக் காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள் என்றும் சொன்னார். முடிவு விமான நிலையச் சுகாதார அதிகாரியின் கையில்.

ஆகவே ஆறு நாள் கணக்கைப் பிடித்தோம். இதில் பலர் தவறவிடுவது ஒன்று: ஆறு நாள் எண்ணத் தொடங்குவது கப்பலை விட்டு இறங்கிய நாளிலிருந்து அல்ல, அபாய நாட்டை விட்ட நாளிலிருந்து. அதனால் எந்தக் கப்பலில் ஏறுகிறோம் என்பதே பாதி முடிவு. தம்பியின் கப்பல் பனாமாவை விட்டு மூன்றே நாளில் கரை சேர்ந்துவிடும், மீதி நாட்களைக் காசு செலவழித்து அமெரிக்காவிலேயே கழிக்க வேண்டும். எங்கள் கப்பல் கால்வாயைக் கடந்தபின் கோஸ்டாரிகா, குவாத்தமாலா, மெக்சிகோ என்று ஊர்ந்து, ஒன்பதாம் நாள்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் சேர்ந்தது. ஆறு நாளும் கடலிலேயே கழிந்துவிட்டன. அதன்பின் மூன்று வாரம் மகள் வீட்டில் இருந்துவிட்டுத்தான் கிளம்பினோம். கால்வாயை முழுதாகக் கடக்கும் பயணம், அதுவும் கிழக்கிலிருந்து மேற்காக. அறுபதைத் தாண்டியவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். திசை மாறினால் கணக்கும் மாறும். லாஸ் ஏஞ்சல்ஸில் ஏறி ஃபுளோரிடாவில் இறங்கினால் பனாமாவும் கார்த்தகேனாவும் கடைசியில் வரும்.

இரண்டு எச்சரிக்கைகள். வழியில் உள்ள நாடுகளுக்கும் தனி விதி உண்டு. கொலம்பியா போன்ற நாடுகளிலிருந்து வருபவர்களிடம் சான்று கேட்கும் நாடு கோஸ்டாரிகா. எங்கள் பயணத்துக்குத் தேவையில்லை என்று நிறுவனம் மின்னஞ்சலில் எழுதிக் கொடுத்தது. உங்கள் பயணத்துக்கு நீங்கள் தனியாகக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். அடுத்தது ஆதாரம். அமெரிக்கத் துறைமுகத்தில் இப்போது முகத்தைப் படம் பிடித்து அனுப்பிவிடுகிறார்கள், பாஸ்போர்ட்டில் முத்திரை விழும் என்று சொல்ல முடியாது. கப்பலின் கடைசி நாள் கணக்குச் சீட்டு, பயணத் திட்டம், லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து மகள் ஊருக்குப் போன விமானச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டுக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். சென்னையில் எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் காட்டத் தயாராக இருந்தோம் என்ற நிம்மதியில்தான் அந்த வரிசையில் நின்றேன்.

கால்வாயைக் கடந்த அன்று, 26 மீட்டர் உயரத்துக்குக் கப்பலைத் தூக்கும் மதகுகளின் இருபுறமும் புல்வெளி வெட்டிவைத்ததுபோல் இருந்தது. 1880களில் பிரெஞ்சுக்காரர்கள் இதை வெட்ட வந்தபோது மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயின என்பார்கள். காய்ச்சலைப் பரப்புவது கொசுதான் என்று கியூபாவில் கார்லோஸ் ஃபின்லே 1881லேயே சொல்லியும் உலகம் நம்ப இருபது ஆண்டுகள் ஆயின. பிறகு வந்த அமெரிக்க மருத்துவர் கோர்காஸ் தொட்டிகளை மூடி, வீடு வீடாகப் புகை போட்டு, 1906க்குள் அந்தப் பகுதியில் நோயை அடக்கினார். அப்போது தடுப்பூசி இல்லை. தேங்கிய தண்ணீரை ஒழித்தே செய்தார்கள். என் கணவர் அதை நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

இந்தக் கணக்கு எல்லாப் பயணத்துக்கும் பொருந்தாது. ரியோ டி ஜெனிரோவில் இறங்கி நேரே ஊர் திரும்புகிறவருக்கும், மொம்பாசா வழியாகக் கென்யாவுக்குள் போகிறவருக்கும் ஆறு நாள் எங்கே கழிப்பது? அங்கே ஊசிதான் வழி, சில பகுதிகளில் மருத்துவமாகவும் அது தேவை. தம்பி அடுத்த ஆண்டு கென்யா போகிறான், அவனுக்கு அதே அட்டை போதும். எங்களையும் கூப்பிடுகிறான். என் கணவரின் சர்க்கரை அளவுச் சீட்டோடு அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கிறோம்.