கையில் இல்லாத டிக்கெட்டை விற்கிறார்கள்: தோற்கும் அணியின் ரசிகர்களுக்கு ஓர் எச்சரிக்கை

அமெரிக்காவில் பேஸ்பால் பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் ஊர் அணி வருஷக்கணக்கில் தோற்கிறது, மைதானம் காலியாகக் கிடக்கிறது, உரிமையாளர் வேறு ஊருக்குப் போகப் பார்க்கிறார் என்றால், அந்த அணியின் கடைசி ஆட்டங்களுக்கு மறுவிற்பனைத் தளங்களில் மாதக்கணக்கில் முன்னதாகப் பணம் கட்டாதீர்கள். 2024 செப்டம்பர் 26 அன்று ஓக்லண்டில் ஏஸ் அணி ஆடிய கடைசி ஆட்டத்துக்கு, ஏப்ரலிலேயே முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்ட ஒரு தளம், முந்தைய நாள் மாலை கையை விரித்தது. பணத்தைப் போராடித் திரும்ப வாங்கிவிட்டேன். ஆட்டம் போனது போனதுதான்.

காலியாகக் கிடந்த மைதானத்துக்குக் கடைசி நாளில் எப்படி அவ்வளவு கிராக்கி வந்தது என்று கேட்பீர்கள். அது புரிந்தால்தான் இந்த ஏமாற்று எங்கே நுழைகிறது என்பதும் புரியும்.

ஓக்லண்ட் அத்லெடிக்ஸ், சுருக்கமாக ஏஸ், 1968இல் கான்சஸ் சிட்டியிலிருந்து வந்த அணி. 1972, 1973, 1974 என்று வரிசையாக மூன்று முறையும், 1989இல் மறுபடியும், பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றது. நாங்கள் இருக்கும் ஃப்ரீமான்ட்டில் பார்ட் ரயில் ஏறி, கொலிசியம் ஸ்டேஷனில் இறங்கி, நடைபாலத்தைத் தாண்டினால் மைதானம். பழைய கட்டடம், 1966இல் திறந்தது. வசதி குறைவுதான். ஆனால் அங்கே முரசடித்துக்கொண்டு, கொடியை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் போல நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. கிரிக்கெட் மட்டும் தெரிந்து வந்த எனக்கு பேஸ்பால் பிடித்துப்போனது அந்தக் கூட்டத்தால்தான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்த ஒரு பெரியவர், கேட்காமலேயே, பிட்சர் அடுத்து என்ன பந்து போடுவார் என்று என் மகளுக்குச் சொல்லிக்கொண்டே வருவார்.

அப்புறம் "ஓக்லண்டில் ரசிகர்களே இல்லை" என்ற பேச்சு கிளம்பியது. இதை இன்றும் பலர் நம்புகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2019 அக்டோபர் 2 அன்று, டாம்பா பே அணியுடன் நடந்த ஒற்றை ஆட்ட ப்ளேஆஃபுக்கு 54,005 பேர் வந்தார்கள். அதே ஊர், அதே பழைய மைதானம். 2018, 2019, 2020 மூன்று வருஷமும் அணி ப்ளேஆஃபுக்குப் போனது. பிறகு 2022 மார்ச்சில், சீசன் தொடங்குமுன், மாட் ஓல்சன், மாட் சாப்மன், கிறிஸ் பாசிட் என்று முக்கியமான ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக வேறு அணிகளுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த டிசம்பரில் கேட்ச்சர் ஷான் மர்ஃபியும் போனார். இத்தனைக்கும் 2022க்கான சீசன் டிக்கெட் விலையை ஏற்றியிருந்தார்கள். நல்ல ஆட்டக்காரர்களை அனுப்பிவிட்டு விலையையும் கூட்டினால் யார் வருவார்கள்? 2022 மே 2 அன்று வந்தவர்கள் 2,488 பேர். அந்த வருஷம் 102 தோல்வி. 2023இல் 112. அந்த 2023 சீசன் முழுக்க உள்ளூர் ஆட்டங்களுக்கு வந்த மொத்தக் கூட்டம் 832,352, லீக்கிலேயே கடைசி.

அமெரிக்க பேஸ்பாலில் தோற்கும் அணியைக் கீழ்ப் பிரிவுக்கு இறக்குவது கிடையாது. தேசிய அளவிலான டிவி ஒப்பந்தப் பணம் முப்பது அணிகளுக்கும் பங்கு பிரிந்து வந்துவிடும். சம்பளச் செலவைக் குறைத்துக்கொண்டு தோற்றால்கூட உரிமையாளருக்கு நஷ்டம் வந்தாகவேண்டும் என்பதில்லை. நஷ்டம் டிக்கெட் வாங்கி வருகிறவனுக்குத்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் "தோற்பதால் கூட்டம் குறைகிறது, கூட்டம் குறைவதால் அணி போகிறது" என்று ரசிகன் தலையில் பழியைப் போடுவது அநியாயம். என் மகள் ஓல்சன் பெயர் போட்ட சட்டையை மடித்து வைத்த பிறகு, "இனிமே யாரைப் பிடிக்கும்னு சொல்றது? பிடிச்சா அனுப்பிடுவாங்கப்பா" என்றாள். எங்கள் வீட்டில் ஆர்வம் குறைந்தது அப்படித்தான். ஒரே நாளில் நடந்ததல்ல. சாயங்காலம் ஆட்டத்தைப் போடலாமா என்று யாரும் கேட்காமல் விட்டோம், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகும் கூட்டம் ஒரு முறை திரும்பி வந்தது. 2023 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை. மைதானத்தைப் புறக்கணிப்பதற்குப் பதிலாக நிரப்பிக் காட்டுவோம் என்று ரசிகர் குழுக்கள் கூப்பிட்டன. பச்சைச் சட்டையில் "விற்றுவிடு" என்ற ஒற்றைச் சொல்லுடன் 27,759 பேர் வந்தோம். ஐந்தாவது இன்னிங்ஸ் தொடக்கத்தில் மைதானமே சத்தமில்லாமல் இருந்து, பிறகு அணியை விற்றுவிடச் சொல்லி ஒரே குரலில் முழங்கியதை நான் மறக்கமாட்டேன். 2-1 என்று ஜெயித்தோம், தொடர்ந்து ஏழாவது வெற்றி. இரண்டு நாள் கழித்து, ஜூன் 15 அன்று, அணி குடியேறத் திட்டமிட்ட லாஸ் வேகாஸில் கட்டப்போகும் மைதானத்துக்கு 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தரும் சட்டத்தில் நெவாடா கவர்னர் கையெழுத்துப் போட்டார். நவம்பரில் லீகின் அணி உரிமையாளர்கள் 30-0 என்று இடமாற்றத்துக்கு ஓட்டுப் போட்டார்கள்.

2024 ஏப்ரல் 4 அன்று, வேகாஸ் மைதானம் தயாராகும் வரை மேற்கு சாக்ரமென்டோவில் சுமார் 14,000 பேர் மட்டும் அமரக்கூடிய, கீழ்நிலை அணிகள் ஆடும் மைனர் லீக் மைதானத்தில் ஆடப்போவதாக அணி அறிவித்தது. அட்டவணைப்படி ஓக்லண்டில் கடைசி ஆட்டம் எந்தத் தேதி என்பது அந்த நிமிஷமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. டிக்கெட் வியாபாரிகளுக்கும்தான்.

அதே வாரம் ஒரு பெரிய மறுவிற்பனைத் தளத்தில் செப்டம்பர் 26 ஆட்டத்துக்கு டிக்கெட் தேடினேன். எங்கள் குடும்பத்துக்கும் மச்சான் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே வரிசையில், மூன்றாவது பேஸ் பக்கம், கீழ் அடுக்கில் இருப்பதாகக் காட்டியது. பகுதி எண் இருந்தது, வரிசை இருந்தது. இருக்கை எண் மட்டும் இல்லை. "டிக்கெட்டுகள் ஆட்டத்துக்கு முன் உங்கள் செல்போனுக்கு மாற்றப்படும்" என்று ஒரு வரி. பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் சேவைக் கட்டணம் என்று டிக்கெட் விலையில் பெரிய பங்கு ஒன்றைச் சேர்த்தார்கள். "நூறு சதவீத உத்தரவாதம்" என்று பச்சை நிறத்தில் போட்டிருந்தது. கட்டினேன்.

ஆகஸ்ட் வரை ஒன்றும் வரவில்லை. கேட்டதற்கு, விற்பவர் மாற்றிவிடுவார், பொறுங்கள் என்று பதில். செப்டம்பரில் கேட்டதற்கும் அதே வாசகம், எழுத்து மாறாமல். இதற்குள் மைதானம் நிரம்பப்போவது உறுதியாகி விலை எகிறிவிட்டது. 25ஆம் தேதி மாலை, மகள் பள்ளிக்கு விடுப்புக் கடிதம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள், ஒரு மின்னஞ்சல் வந்தது. "விற்பவரால் உங்கள் ஆர்டரை நிறைவேற்ற இயலவில்லை. அதற்கு ஈடான டிக்கெட் தற்போது இல்லை. நீங்கள் செலுத்திய தொகைக்கு எங்கள் தளத்தில் ஓராண்டு பயன்படுத்தக்கூடிய வரவு வழங்குகிறோம்." கீழே, "ஏற்கிறேன்" என்று ஒரு பொத்தான்.

மச்சான் அதே தளத்தை அவர் போனில் திறந்து பார்த்தார். அதே பகுதியில் நான்கைந்து டிக்கெட்டுகள் விற்பனைக்கு இருந்தன, நாங்கள் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு விலையில். "மாமா, அந்த பட்டனை மட்டும் தொட்டுடாதீங்க. எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்க" என்றார். அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் பிறகு எங்கள் பணத்தைக் காப்பாற்றியது.

தளத்தின் வாடிக்கையாளர் சேவையோடு அன்று இரவு நெடுநேரம் மல்லுக்கட்டினேன். ஒருவர் மாற்றி ஒருவர், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்லவேண்டும். உத்தரவாதம் என்றால் என்ன என்று கேட்டதற்கு, வரவு கொடுப்பதும் உத்தரவாதத்தில் அடங்கும் என்றார்கள். டிக்கெட் பணத்தைத் தந்தாலும் சேவைக் கட்டணத்தைத் தரமாட்டோம் என்றார் இன்னொருவர். எந்தச் சேவைக்கு என்று கேட்டேன், பதில் இல்லை.

மறுநாள் மதியம் ஆட்டத்தை டிவியில் பார்த்தோம். 46,889 பேர். ஏஸின் பழைய நட்சத்திரங்கள் ரிக்கி ஹெண்டர்சனும் டேவ் ஸ்டூவர்ட்டும் சம்பிரதாயமாக முதல் பந்தை எறிந்தார்கள். 3-2 என்று டெக்சாஸை வென்றார்கள், கடைசியில் மேனேஜர் மார்க் காட்சே மைக்கைப் பிடித்து ஓக்லண்டுக்கு நன்றி சொன்னார். ரிக்கி அந்த டிசம்பரிலேயே காலமானார். அவரை நேரில் பார்க்கும் கடைசி வாய்ப்பு என் மகளுக்கு அதுதான் என்பதை நினைத்தால் இப்போதும் அந்தத் தளத்தின் மேல் ஆத்திரம் அடங்கவில்லை.

நடந்தது என்ன என்று விளக்குகிறேன். விற்பவரிடம் ஏப்ரலில் டிக்கெட்டே கிடையாது. காலி மைதானத்து அணிதானே, கடைசி வாரத்தில் மலிவாக வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு முதலில் நம்மிடம் பணம் வாங்கிக்கொள்கிறார்கள். விலை இறங்கினால் அவர்களுக்கு லாபம். ஏறினால் நம் ஆர்டரை ரத்து செய்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் அடி நமக்குத்தான். நன்றாக ஆடும் அணியின் டிக்கெட்டில் இந்த ஆட்டம் அவ்வளவு எளிதல்ல, விலை இறங்கும் என்று யாரும் நம்பிக் காத்திருக்க முடியாது. ரசிகர்கள் விலகிப்போன அணிதான் இவர்களுக்கு வசதி.

எனவே வாங்குமுன் இருக்கை எண் காட்டுகிறார்களா என்று பாருங்கள். பகுதியும் வரிசையும் மட்டும் போதாது. பேஸ்பால் டிக்கெட்டுகள் இப்போது லீகின் பால்பார்க் செயலியில்தான் வருகின்றன. வாங்கிய கையோடு அந்தச் செயலிக்கு மாற்றித் தரமுடியும் என்பவரிடம் மட்டும் வாங்குங்கள். "பிறகு வரும்" என்றால் விட்டுவிடுங்கள். முதலில் அணியின் சொந்த விற்பனைப் பக்கத்தைப் பாருங்கள், தோற்கும் அணிக்கு அங்கேயே பெரும்பாலும் டிக்கெட் இருக்கும். கட்டணங்களை மறைத்து விலை காட்டுவதை கலிஃபோர்னியா 2024 ஜூலை 1 முதல் சட்டப்படி தடை செய்திருக்கிறது. 2025 மே மாதத்திலிருந்து நாடு முழுக்க டிக்கெட் விற்பனைக்கு அதே போன்ற விதி வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் விலை கூடினால் அங்கேயே நிறுத்துங்கள்.

டெபிட் கார்டில் வாங்காதீர்கள். கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் வங்கியில் முறையிடலாம், ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, இதைக் கவனமாகப் படியுங்கள். மத்தியச் சட்டப்படி, அந்தத் தொகை முதலில் வந்த பில் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் முறையிடவேண்டும். ஏப்ரலில் வாங்கி செப்டம்பரில் ஏமாற்றினால் அந்தக் கெடு எப்போதோ தாண்டியிருக்கும். என் வங்கியில் முதலில் பேசியவர் இதைச் சொல்லித்தான் தட்டிக்கழித்தார். ஆனால் கார்டு நிறுவனங்களுக்குத் தனி விதி உண்டு. பொருளோ சேவையோ வந்திருக்கவேண்டிய நாளிலிருந்து கணக்கு, பொதுவாக 120 நாள். "சேவை வழங்கப்படவில்லை" என்ற வகையில் பதியச் சொல்லுங்கள், மறுத்தால் மேலதிகாரியைக் கேளுங்கள். நான் ஆர்டர் ரசீது, உத்தரவாதப் பக்கம், ரத்து மின்னஞ்சல், அதே பகுதியில் மூன்று மடங்கு விலை காட்டிய பட்டியல் எல்லாவற்றையும் இணைத்து எழுதினேன். தளம் எதிர்த்தது, வாடிக்கையாளருக்கு வரவு கொடுத்துவிட்டோம் என்றது. அந்த வரவை நாங்கள் ஏற்கவே இல்லை என்பதால் அந்த வாதம் நிற்கவில்லை. சேவைக் கட்டணம் உட்பட முழுப் பணமும் திரும்ப வந்தது. பொத்தானை அழுத்தியிருந்தால் கதை வேறு.

சிகாகோ பக்கம் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன். 2024இல் உங்கள் ஊர் வைட் சாக்ஸ் அணி 121 ஆட்டங்கள் தோற்று, 1962இல் நியூயார்க் மெட்ஸ் அணி வைத்த 120 தோல்விச் சாதனையை முறியடித்தது. அப்படிப்பட்ட அணிக்கு "சீசன் டிக்கெட்டில் பங்கு வாங்குங்கள், போகாத நாளை விற்றுக்கொள்ளலாம்" என்று தனியார் யாராவது வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உள்ளூரில் மட்டும் 81 ஆட்டங்கள், மைதானத்தில் இடம் கிடக்கிறது, உங்கள் டிக்கெட்டை யார் வாங்குவார்கள்? ஓக்லண்ட் மைதானத்து மண், இருக்கை, பலகை என்று விற்பவர்களிடமும் கவனம். உண்மையானதுதானா என்று மண்ணைப் பார்த்துச் சொல்ல வழி கிடையாது.

வங்கிக்கு நான் எழுதிய முறையீட்டின் வாசகத்தைப் பெயர், எண் விவரங்கள் நீக்கி வைத்திருக்கிறேன். இதே மாதிரி யாராவது மாட்டிக்கொண்டிருந்தால் கேளுங்கள், அனுப்புகிறேன். 120 நாள் கெடு தாண்டுவதற்குள் கேளுங்கள்.