பிரேக் பேட்: செராமிக்கா, செமி மெட்டாலிக்கா, ஆர்கானிக்கா?

சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை அழுத்தி வண்டியை நிறுத்துவது பிரேக் பேட். வீட்டில் அதை மாற்றுவது ஒரு பிற்பகல் வேலை. எந்தப் பேடை வாங்குவது என்ற குழப்பம்தான் வாரக்கணக்கில் நீள்கிறது. புதிய பேடின் உராய்வுப் பகுதி பொதுவாக 10 முதல் 12 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும். இடையில் கரையும் அந்த ஏழு முதல் ஒன்பது மில்லிமீட்டர் எதனால் ஆனது என்பதே இங்கே பேச்சு.

ஆர்கானிக் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இழைகளைப் பிசினோடு சேர்த்து இறுக்கியது. மென்மையானது, சத்தம் குறைவு, விலையும் குறைவு. சீக்கிரம் தேய்ந்துவிடும். நீண்ட மலை இறக்கத்தில் சூடேறினால் பிடிமானம் தளரும். நகருக்குள் மட்டும் ஓடும் சிறிய காருக்கு அதுவே போதும்.

செமி மெட்டாலிக்கில் எடையில் ஏறக்குறைய 30 முதல் 65 சதவீதம் உலோகம். சுமையோடு இறக்கத்தில் இறங்கும் வண்டிக்கு நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். சூடு ஏறினாலும் பிடி விடாது. ஆனால் உலோகம் வெப்பத்தைக் கடத்துமே, அந்தச் சூடு பேடைத் தள்ளும் பிஸ்டன் வழியாகப் பிரேக் ஆயிலையும் எட்டும். ஈரத்தை உறிஞ்சிய பழைய ஆயிலாக இருந்தால் கொதித்து ஆவியாகி, பிரேக் மிதி பள்ளத்தில் இறங்குவதுபோல் இறங்கும். ஆகவே இந்தப் பேடை வாங்குபவர் ஆயிலின் வயதையும் பார்க்க வேண்டும். சக்கரத்தில் படியும் கருந்தூளும், கிறீச்சொலியும், டிஸ்க் கூடுதலாகத் தேய்வதும் இதன் மற்ற குறைகள்.

செராமிக் அமைதியானது. அதன் தூள் வெளிர்நிறம், சக்கரத்தில் ஒட்டுவதும் குறைவு, நெடுநாள் உழைக்கும். விலை அதிகம். விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களின் கார்பன் செராமிக் டிஸ்கை நினைத்துக்கொண்டு இதை வாங்குகிறவர்கள் உண்டு, இரண்டும் வேறு. கடும் சூட்டில் செமி மெட்டாலிக்கே முந்தும். அன்றாடப் பயணத்துக்கு, பணம் இருந்தால், என் வாக்கு செராமிக்குக்கு.

ஒருமுறை செமி மெட்டாலிக் மாட்டிய மறுநாளே கிறீச்சிட்டது. பேடைத் திட்டித் தீர்த்தேன். பிறகு பார்த்தால், பேடுகளைத் தாங்கும் காலிப்பர் நகர்வதற்கான பின்கள் (உலோகத் தண்டுகள்) வறண்டு கிடந்தன. துடைத்து, அதற்குரிய சிலிகோன் கிரீஸ் தடவியதும் சத்தம் அடங்கியது. அன்றிலிருந்து பின்களைப் பார்க்காமல் பேடைக் குறை சொல்வதில்லை.

வகையை மாற்றினால் டிஸ்கில் பழைய பேடின் படலம் இருக்கும். அதைச் சுத்தம் செய்துவிட்டு, புதிய பேட் டிஸ்கோடு பழக, ஆளில்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10க்கு, முழுதாக நிறுத்தாமல், பத்து முறை இறக்க வேண்டும். உற்பத்தியாளர் வேறு முறை சொல்லியிருந்தால் அதுவே முதன்மை. ஒரே அச்சின் இரு பக்கமும் ஒரே வகைதான் இருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் வண்டிக்கு அடியில் தாங்கியும் (ஸ்டாண்ட்) வைக்கவும். தூளை ஊதக்கூடாது, பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

எந்தப் பேடாக இருந்தாலும், வண்டியை நகர்த்துவதற்கு முன் மிதி கெட்டியாகும் வரை மிதியுங்கள். புதிய பேடை மாட்டுவதற்காகப் பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் பேடைத் தொடும் வரை முதல் சில மிதிகளில் பிரேக்கே பிடிக்காது.