‘காலேஜ் ஃப்ரீ’ என்றால் எவ்வளவு ஃப்ரீ? நான்கு மாநிலங்கள், நான்கு கணக்கு

அமெரிக்காவில் பள்ளியை முடித்த பிள்ளைகளுக்கு மாநில அரசே கல்லூரிக் கட்டணம் கட்டுகிறது என்று கேள்விப்பட்டு நிறையப் பேர் எல்லாத் திட்டமும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. ஜார்ஜியா மார்க்கைப் பார்க்கிறது, நியூயார்க் வருமானத்தைப் பார்க்கிறது, டென்னசியும் நியூ மெக்சிகோவும் கிட்டத்தட்ட எல்லாரையும் உள்ளே விடுகின்றன. ஆனால் கடைசியில் வீட்டுச் செலவு எவ்வளவு குறையும் என்பதைத் தீர்மானிப்பது வேறொரு விஷயம், அதற்கு வருகிறேன்.

ஜார்ஜியாவின் ஹோப் உதவித்தொகை 1993-ல் லாட்டரிப் பணத்தில் தொடங்கியது. முதலில் குடும்ப வருமானத்துக்கு ஒரு வரம்பு இருந்தது, 1995-ல் அதைத் தூக்கிவிட்டார்கள். இப்போது பள்ளியில் 3.0 ஜிபிஏ (நான்குக்குக் கணக்கிடும் சராசரி மார்க்) வேண்டும், அப்பா கோடீஸ்வரராக இருந்தாலும் கிடைக்கும். 2011-ல் லாட்டரி வருமானம் கட்டுப்படியாகாமல் தொகையைக் குறைத்தார்கள், 2023-ல் மறுபடியும் முழுக் கல்விக் கட்டணம் என்று ஆக்கினார்கள். புத்தகத்துக்குக் கொடுத்துவந்தது மட்டும் போனது போனதுதான். உள்ளே நுழைவதைவிட உள்ளே நிற்பதுதான் கஷ்டம்: 30, 60, 90 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள நேர அளவுப் புள்ளி) முடிகிற இடத்திலெல்லாம் ஜிபிஏவைப் பார்ப்பார்கள், பாதியில் விட்ட பாடமும் அந்த எண்ணிக்கையில் சேரும்.

டென்னசி பிராமிஸ் திட்டம் இதற்கு நேர் எதிர். 2015-ல் பள்ளி முடித்தவர்களிலிருந்து ஆரம்பம். பள்ளி மார்க் வேண்டாம், வருமானச் சான்று கேட்டு வடிகட்டுவதும் இல்லை. இரண்டு வருடப் படிப்பு தரும் சமுதாயக் கல்லூரியிலோ தொழில்நுட்பக் கல்லூரியிலோ படிக்கலாம். ஆனால் பள்ளியின் கடைசி வருடத்தில் நவம்பர் 1-க்குள் விண்ணப்பம், ஃபாஃப்சா என்ற மத்திய அரசின் கல்வி உதவிப் படிவம், வழிகாட்டியோடு கூட்டம், ஒவ்வொரு பருவத்துக்கும் 8 மணி நேரச் சமூக சேவை என்று வரிசையாக வேலை இருக்கிறது. ஒன்றில் கோட்டை விட்டாலும் அவ்வளவுதான். பதினேழு வயதுப் பிள்ளையிடம் இத்தனை தேதியை நினைவில் வைத்துக்கொள் என்பது கொஞ்சம் ஓவர்தான்.

சரி, இப்போது அந்த விஷயம். டென்னசி தருவது ‘கடைசி டாலர்’, அதாவது மற்ற உதவியெல்லாம் போக மீதி இருந்தால்தான் மாநிலம் கட்டும். ஒரு உதாரணத்துக்கு, வருடக் கட்டணம் 5,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கு மத்திய அரசின் பெல் மானியம் 7,000 டாலர் வருகிறது. கட்டணம் அதிலேயே அடைந்துவிடுகிறது, மாநிலம் அவளுக்குத் தருவது பூஜ்யம். பக்கத்து பெஞ்சில் இருக்கிற வசதியான பையனுக்குப் பெல் கிடையாது, அதனால் அவனுக்கு மாநிலம் முழு 5,000 டாலரையும் கட்டுகிறது. ரெண்டு பேரும் ‘இலவசமாக’த்தான் படிக்கிறார்கள், ஆனால் மாநிலத்தின் காசு போனது யாருக்கு?

நியூ மெக்சிகோ 2022-ல் விரிவாக்கிய ஆப்பர்ச்சுனிட்டி உதவித்தொகை இந்த வரிசையைத் திருப்பிப் போட்டது. கட்டணத்தை மாநிலம் முதலில் கட்டிவிடும், பெல் பணம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் கையில் நிற்கும். வருமான வரம்பு கிடையாது, பருவத்துக்கு 6 கிரெடிட் எடுத்தால் போதும், கல்லூரியில் 2.5 ஜிபிஏ காக்க வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று அப்படிப் படித்தவர்களுக்குத்தான் தெரியும்.

நியூயார்க்கின் எக்சல்சியர் உதவித்தொகை 2017-ல் பெரிய ஆரவாரத்தோடு வந்தது. வருமானம் 1,25,000 டாலர் வரை இருக்கலாம் என்பதால் நடுத்தரக் குடும்பங்களுக்கு ஆசையாக இருக்கும். ஆனால் இதுவும் கடைசி டாலர்தான், கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான். அங்கே விடுதியும் சாப்பாடும் சேர்ந்தால் கட்டணத்தையே தாண்டிவிடும். வருடத்துக்கு 30 கிரெடிட் முடித்தே ஆக வேண்டும். அப்புறம் ஒரு கொக்கி: எத்தனை வருடம் வாங்கினீர்களோ அத்தனை வருடம் படிப்பு முடிந்ததும் நியூயார்க்கிலேயே குடியிருக்க வேண்டும், இல்லையென்றால் அது கடனாக மாறிவிடும். இருபத்திரண்டு வயதில் வேலை எங்கே கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

என்னைக் கேட்டால், கையில் காசில்லாத வீட்டுக்கு நியூ மெக்சிகோதான் முதலிடம். மார்க் சுமார், ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்றால் டென்னசி. ஜார்ஜியா நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு நல்ல திட்டம், ஆனால் அதில் பாதிப் பேர் அது இல்லாவிட்டாலும் கல்லூரிக்குப் போயிருப்பார்கள் என்பது என் சந்தேகம். நியூயார்க்கில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தக் குடியிருப்பு நிபந்தனையை இரண்டு தடவை படியுங்கள், பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு.