மின்கம்பி எட்டாத வீட்டுக்குப் புதிய சோலார்: விடுப்பில் கிடைத்த சேவை

மின்கம்பி எட்டாத எங்கள் தோட்ட வீட்டில் சித்தப்பா தனியாக இருக்கிறார். அங்கிருந்த பழைய சோலார் அமைப்பு விளக்குக்கும் மின்விசிறிக்கும் ஈடுகொடுத்து வந்தது. ஃபிரிட்ஜும் தண்ணீர் மோட்டாரும் சேர்ந்த பிறகு, விடிவதற்கு முன்பே இன்வெர்ட்டர் அலறத் தொடங்கியது. விடுப்பில் வந்திருந்தபோது அதை மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினேன். இதே வேலையை ஊரில் செய்ய நினைக்கும் வெளிநாட்டுவாசிகளுக்கு இந்த அனுபவம் பயன்படலாம்.

முதலில் வந்த நிறுவனத்தின் ஆள் கூரையை அளந்தார், எத்தனை பேனல் பிடிக்கும் என்று சொன்னார், கிளம்பிவிட்டார். இரவில் வீட்டில் என்ன ஓடுகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்து வந்த தொழில்நுட்பர் என்னிடம் பேசவே இல்லை, நேராகச் சித்தப்பாவிடம் போனார். “ஐயா, இரவில் எதெல்லாம் ஓடும்? மோட்டாரை எந்த நேரத்தில் போடுவீர்கள்?” என்று கேட்டார். ஃபிரிட்ஜில் ஒரு வாட் மீட்டரை மாட்டி முழு நாளும் விட்டுவைத்தார். அது ஏறக்குறைய ஒரு யூனிட் எடுத்தது. எனக்கு வியப்பளித்தது இன்வெர்ட்டர்தான். எதுவுமே ஓடாதபோதும் தன்னளவில் 40 வாட் இழுத்துக்கொண்டிருந்தது. 24 மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் அதுவும் ஒரு யூனிட்டை நெருங்குகிறது. இவற்றோடு விளக்கு, விசிறி, மோட்டார் எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு சுமார் மூன்றரை யூனிட். இந்த ஓர் எண் கையில் இல்லாமல் பேட்டரி விலை கேட்பதில் பொருளே இல்லை.

பழையவை 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரிகள் இரண்டு. தாளில் 3.6 யூனிட். ஆனால் அவற்றைப் பாதிக்கு மேல் அடிக்கடி வடித்தால் ஆயுள் வேகமாகக் குறையும், ஆகவே நம்பி எடுக்கக்கூடியது 1.8 தான். தகரக் கூரையின் அடியில் வெயிலில் வெந்துகொண்டிருந்தது இன்னொரு கேடு. இவ்வகை பேட்டரிக்கு வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். புதிதாக வைத்தது லித்தியம் இரும்பு பாஸ்பேட், 51.2 வோல்ட் (48 வோல்ட் வகை என்றே சொல்வார்கள்), 100 ஆம்பியர்-மணி. மொத்தம் 5.12 யூனிட்டில் நான்கு யூனிட்டைத் தாராளமாக எடுக்கலாம். தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. இதையும் காற்றோட்டமான உள்ளறைக்கு மாற்றினார்கள். குளிர்நாட்டில் இப்படியொரு குடிலை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 0 டிகிரிக்குக் கீழே இந்த பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது.

12 வோல்ட்டிலிருந்து 48 வோல்ட்டுக்குப் போனதுதான் என் பார்வையில் பெரிய ஆதாயம். 1200 வாட் சுமைக்கு 12 வோல்ட்டில் 100 ஆம்பியர் ஓட வேண்டும். 48 வோல்ட்டில் 25 போதும். அதே கம்பியில் வெப்பமாக வீணாகும் சக்தி பதினாறில் ஒரு பங்காகிறது. புதிய பேனல்கள் 540 வாட் கொண்டவை நான்கு. பழைய பேனல்களை இவற்றோடு கலந்து கட்டாமல், தனி சார்ஜ் கன்ட்ரோலரில் (பேனல் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி கட்டுப்படுத்தும் கருவி) போட்டார்கள். மின்னழுத்தமும் மின்னோட்டமும் வேறான பேனல்களை ஒன்றாகக் கோத்தால் பலவீனமானது மற்றதையும் பின்னிழுக்கும்.

பாதுகாப்பில்தான் ஒரு குறை. எர்த் கம்பியைக் கடைசி நாள் வரை தள்ளிப்போட்டார்கள். விடாமல் கேட்டதால்தான் நட்டார்கள். பேனலிலிருந்தும் பேட்டரியிலிருந்தும் வரும் நேர்மின்சாரத்துக்கு (DC) உரிய பிரேக்கரையே போட வேண்டும் என்பதில் மட்டும் அவர்களே உறுதியாக இருந்தார்கள். வீட்டுக்குள் ஓடும் மாறுமின்சாரம் (AC) நொடிக்கு நூறு முறை சுழியத்தைத் தொட்டுச் செல்வதால் தீப்பொறி தானே அணையும். நேர்மின்சாரத்தில் அந்த வாய்ப்பே இல்லை. வீட்டுக்குள் போடும் சாதாரண பிரேக்கர் அங்கே எரிந்துபோகலாம்.

நான் மனமார மெச்சுவது ஒப்படைத்த விதத்தை. எல்லாச் சுவிட்சுக்கும் தமிழில் பெயர் எழுதி ஒட்டினார்கள். நிறுத்தும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. போடும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல் என்ற வரிசையைச் சித்தப்பாவையே செய்யவைத்துப் பார்த்தார்கள். அமைப்பைக் கைபேசியில் கண்காணிக்கும் செயலியை என் பெயரில் பதிவு செய்யலாமா என்று அலுவலகத்தில் கேட்டபோது அந்தத் தொழில்நுட்பரே மறுத்தார். “அண்ணா, நீங்கள் போய்விடுவீர்கள். ஐயாவின் கைபேசியில் இருக்கட்டும், நீங்கள் பார்க்க மட்டும் அனுமதி போதும்” என்றார். இணையம் இல்லாவிட்டாலும் திரையில் பேட்டரி சதவீதத்தைப் படிப்பது எப்படி என்றும் காட்டினார். வாரன்டி அட்டையும், வரிசை எண்களும், இணைப்பு வரைபடமும் ஒரே கோப்பில் வீட்டிலேயே இருக்கின்றன. பணம் கொடுப்பவர் நான் என்பதற்காக எல்லாவற்றையும் என்னிடம் தந்திருந்தால், அடுத்த கோளாறு வரும்போது சித்தப்பா கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

விடுப்பின் தொடக்கத்திலேயே வேலையை முடித்துக்கொள்ளுங்கள். இறுக்காத இணைப்பு, தவறான அமைப்பு போன்றவை முதல் சில நாட்களில்தான் வெளிப்படும். எங்களுக்கும் ஒரு இணைப்பு சூடானது; நான் அங்கிருந்தபோதே வந்து இறுக்கிக் கொடுத்தார்கள். மேகமூட்டம் தொடர்ந்தால் ஒரு நாளுக்குச் சற்று மேல் தாங்கும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நாளில் மோட்டாரைச் சித்தப்பா நண்பகலில் மட்டுமே போடுகிறார். சிறிய ஜெனரேட்டரை இணைக்கவும் இன்வெர்ட்டரில் இடம் விட்டிருக்கிறோம்.