பழைய போனை விற்கப் போகிறவர்களுக்கு: வேலூரில் எனக்கு நேர்ந்தது

ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதும் வேலை பார்ப்பவன் நான்; குடியிருப்பது வேலூர் சத்துவாச்சாரியில். வாங்கிய பொருளின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு குறைவதைத் தேய்மானம் என்ற தலைப்பில் எழுதுவதே என் அன்றாட வேலை. வருமான வரிக் கணக்கில் கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் எழுதுகிறோம். அப்படிப்பட்ட நானே பழைய போனை விற்கப் போய் ஏமாந்து வந்தேன் என்பதைச் சற்று வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை, ஏனென்றால் விற்றதற்கான ரசீது என்னிடம் இல்லை. அது ஏன் இல்லை என்பதும் இந்தக் கதையில் ஒரு பகுதிதான்.

விற்க எடுத்துச் சென்றவை இரண்டு. ஒன்று, கொரோனா காலத்தில் மகளின் ஆன்லைன் வகுப்புக்காக 2021 ஜூனில் 26,000 ரூபாய்க்கு வாங்கிய டேப்லெட். மற்றொன்று, 2022 அக்டோபரில், தீபாவளி நேரத்தில் 34,500 ரூபாய்க்கு நான் வாங்கிய போன். 2025 மே மாதம், கத்திரி வெயிலில், முன்கூட்டியே கடைக்குப் பேசியபோது, "போன் பன்னெண்டு வரைக்கும் போகும் சார், டேப் அஞ்சு வரும், எடுத்துட்டு வாங்க" என்றார்கள். அந்த 'வரைக்கும்' என்ற சொல்லை நான் அப்போது காதில் வாங்கவில்லை.

கடையில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். "ரீசெட் பண்ணிக் குடுத்துடுங்க சார், அப்பதான் உள்ள செக் பண்ண முடியும்" என்றான். கூகுள் கணக்கை நீக்கி, இரண்டையும் அங்கேயே, அந்தக் கண்ணாடி மேசையின் மேலேயே வைத்து ரீசெட் செய்தேன். நான் செய்த பெரிய தவறு அதுதான். எண்கள், வங்கிச் செயலி, படங்கள் எல்லாம் அழிந்து, பெட்டியிலிருந்து எடுத்தது போல வெறுமையாக நிற்கும் போனைத் திரும்ப எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வர யாருக்கும் மனம் வராது. வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்றுதான் தோன்றும். கடைக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

போனை உள்ளே எடுத்துச் சென்ற பையன் இருபது நிமிடம் கழித்து முதலாளியோடு வந்தான். முதலாளி சொன்ன காரணங்கள் நான்கு: புது மாடல் வந்துவிட்டது, பேட்டரி தளர்ந்துவிட்டது, அப்டேட் நிற்கப் போகிறது, காம்போ மாற்றியிருக்கிறது. காம்போ என்பது மேல் கண்ணாடியும் டிஸ்ப்ளேவும் ஒன்றாக ஒட்டிய பாகம். அதை ஒருமுறை மாற்றிய போனை 'ஓபன் பண்ண பீஸ்' என்று ஒதுக்கிவிடுவார்கள். கடைசியில் போனுக்கு 5,500, டேப்லெட்டுக்கு 2,500 என்றார். ஆக மொத்தம் 60,500 ரூபாய்க்கு வாங்கியவற்றுக்கு 8,000 ரூபாய்.

பிறகு யோசித்துப் பார்த்ததில், அவர் சொன்ன நான்கில் மூன்று உண்மை என்று புரிந்தது. அந்த மூன்று உண்மைகளின் நடுவே வைத்ததால்தான் நான்காவதும் உண்மையைப் போலத் தெரிந்தது. எனவே உண்மையான காரணங்களைத் தெரிந்துகொண்டு போவதே நல்லது.

முதலில், நாம் கொடுத்த விலை முழுவதும் பொருளின் விலை அல்ல. 2020 ஏப்ரல் முதல் கைப்பேசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நான் கொடுத்த 34,500 ரூபாயில் ஏறத்தாழ 5,260 ரூபாய் வரி. கடைப் படியை விட்டு இறங்கிய உடனேயே அது போனதுதான், பழைய பொருளாக விற்கும்போது அதை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். அடுத்து, நம்மிடம் வாங்குபவர் நாம் கொடுத்த விலையைப் பார்ப்பதே இல்லை. அதே தரத்தில் புதுப் போன் இன்று என்ன விலை என்றுதான் பார்க்கிறார். ஆண்டுக்கு ஒரு மாடல் இறங்குகிறது. புதியது வந்ததும் பழையதன் விலையை நிறுவனமே குறைத்துவிடுகிறது. என்னுடைய போனையே, நான் வாங்கிப் பதினைந்து மாதம் கழித்து, புதிதாகவே 25,000 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். நகை என்றால் உரைகல்லும் தராசும் இருக்கின்றன, அன்றைய விலை நாளிதழில் வருகிறது. போனுக்கு அப்படி எதுவும் இல்லாததால், மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் சொல்வதே விலை.

பேட்டரி விஷயத்தில் என் மேலும் குற்றம் உண்டு. லித்தியம் அயான் பேட்டரி பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் வயதாகிக்கொண்டே இருக்கும்; வெப்பம் அதன் பெரிய எதிரி. ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி 500 முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது என்றும், 15 முதல் அது 1,000 சுற்று என்றும் ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. எங்கள் வீடு மாடியில் உள்ளது. மே மாதத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது காங்கிரீட் கூரை இரவு பத்து மணி வரை அனலைக் கக்கும். அந்த அறையில், ஜன்னலோர மேசையில், சார்ஜரைக் கழற்றாமலேயே மகள் மூன்று ஆண்டு டேப்லெட்டைப் பயன்படுத்தினாள். அதன் முதுகு லேசாக உப்பியிருந்ததை, கடைக்காரர் மேசையில் வைத்து ஒரு விரலால் ஆட்டிக் காட்டிய பிறகுதான் கவனித்தேன். தட்டையாக உட்காராமல் அது எங்கள் முன்னால் ஆடியது. அதற்கு விலை குறைத்ததை நான் குறை சொல்லமாட்டேன்.

அப்டேட் விஷயமும் உண்மையே. மென்பொருள் அப்டேட் தருவதாக நிறுவனம் உறுதி சொல்லும் ஆண்டுகள் நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. தள்ளுபடியில் தாமதமாக வாங்குபவர் பாதி ஆயுள் தீர்ந்ததை வாங்குகிறார். கூகுள் பிக்சல் 8, சாம்சங் எஸ்24 போன்ற உயர்விலை போன்களுக்கு ஏழு ஆண்டு தருகிறார்கள். மலிவு விலை டேப்லெட்டுகளுக்கு அந்த யோகம் இல்லை. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன கருவியில் வங்கிச் செயலியை வைத்துக்கொள்ள யார் துணிவார்கள்? தவிர, 2022 அக்டோபரில் 5ஜி வந்தபின் 4ஜி கருவிகளுக்குக் கேட்பாரும் குறைந்துவிட்டார்கள். டேப்லெட்டின் நிலை இன்னும் மோசம். ஆன்லைன் வகுப்புகள் முடிந்ததும் வீட்டுக்கு வீடு ஒன்று சும்மா கிடக்கிறது.

ஆனால் அந்தக் காம்போ? என் போன் ஒருநாளும் திறக்கப்படவே இல்லை. காட்பாடி ரயில் நிலையப் படிக்கட்டில் ஒருமுறை விழுந்து, கேமராவுக்குக் கீழே அரிசி அளவு ஒரு நெளிசல் ஏற்பட்டது, அவ்வளவுதான். அதைச் சொன்னேன். "உங்களுக்குத் தெரியாம சர்வீஸ்ல மாத்தியிருப்பாங்க சார்" என்றார். சர்வீசுக்கே கொடுத்ததில்லை என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனை என் பக்கம் தள்ளினார். வெறுமையாகக் கிடந்த அதைப் பார்த்து, பேசாமல் பணத்தை வாங்கிக்கொண்டேன். ரசீது கேட்டதற்கு, "பழைய பொருளுக்கு யாரு சார் பில் போடுவாங்க" என்றார். என் அடையாள அட்டையைக்கூட அவர்கள் கேட்கவில்லை. அந்தப் போன் நாளை ஏதாவது குற்றத்தில் சிக்கினால், நான் விற்றுவிட்டேன் என்பதைக் காட்ட என்னிடம் ஒரு காகிதமும் இல்லை.

டேப்லெட்டிலிருந்து மெமரி கார்டை எடுக்க மறந்ததும் அன்று இரவு மகள் கேட்டபோதுதான் நினைவுக்கு வந்தது. மறுநாள் போனால், சரக்கு சென்னைக்குப் போய்விட்டது என்றார்கள்.

மூன்று வாரம் கழித்து அக்காள் மகன் ஒரு படத்தை அனுப்பினான். "மாமா, இது உங்க போன் மாதிரியே இருக்கே?" அந்தக் கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்: 'சிங்கிள் ஓனர், ஒரிஜினல் காம்போ, ஓபன் பண்ணாத பீஸ், 13,900'. கேமராவுக்குக் கீழே அரிசி அளவு நெளிசல். வாங்குபவன் போல அவனை அனுப்பி, *#06# அழுத்தி ஐ.எம்.ஈ.ஐ. எண்ணை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண்ணை, பார்க்கச் சொன்னேன். அந்த எண் அச்சிட்ட அட்டைப்பெட்டி என்னிடமே இருந்தது. பதினைந்து இலக்கமும் ஒன்றாக இருந்தன.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தேன். என்ன வாங்கினீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. நான் எதையும் வாங்கவில்லை, விற்றேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நுகர்வோர் என்பவர் விலை கொடுத்துப் பொருளோ சேவையோ பெறுபவர். அங்கே விற்றவனாகிய என் வழக்கு நொண்டுகிறது. புதுப் போனுக்கு எக்ஸ்சேஞ்சாகக் கொடுத்திருந்தால், பழையதன் விலை பில்லில் ஏறியிருக்கும், பேசுவதற்கு ஒரு காகிதமாவது இருந்திருக்கும். விலையை எழுதி வாங்காமல் ரீசெட் செய்யாதீர்கள்; சோதனை உங்கள் கண்முன்னே, மேசையின் மேலேயே நடக்கட்டும்; ஐ.எம்.ஈ.ஐ. எண்ணோடு ஒரு துண்டுச் சீட்டாவது கடைக்காரரின் கையெழுத்தோடு வாங்குங்கள்.

போன் இன்னும் விற்கவில்லை போலிருக்கிறது. நேற்று பார்த்தபோது அதே படத்தின் கீழ் 13,900 என்பதை அடித்து 11,900 என்று திருத்தியிருந்தார்கள்.