ஊர் எல்லை தாண்டாத கேம்பெய்ன்: எந்த ஊரில் ஆடுவது?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு அடுக்குமாடி வீட்டு ஹாலில், சனிக்கிழமை இரவுகளில் ஆறு பேர் ரோல்பிளே ஆடுகிறோம்: ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி, பேசியே கதையை நகர்த்தும் ஆட்டம். பல இரவுகள் தொடரும் ஒரே கதைக்குக் கேம்பெய்ன் என்று பெயர். நான் கேம் மாஸ்டர், அதாவது கதையையும் மற்ற பாத்திரங்களையும் நடத்துகிறவன். ஆடுகிறவர்களில் ஒருவர் ஷிப்ட் பார்க்கும் நர்ஸ், ஒருவர் லாரி கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். எல்லோரும் சேர்வது மாதம் இரண்டு முறை நடந்தால் பெரிய விஷயம். ஒருநாள் கணக்கர் சலித்துக்கொண்டார்: "காட்டுக்கும் குகைக்கும் நடந்தே பாதி ராத்திரி போயிடுதுண்ணே. ஒரே ஊர்ல வெச்சு ஆடினா என்ன?"

அதற்கப்புறம் மூன்று ஊர்களில் ஆடிப் பார்த்துவிட்டோம். ஒன்று கடையில் வாங்கியது. ஒன்று நானே கட்டியது. ஒன்று, ஹால் ஜன்னலில் நின்றால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் பினாங்குத் தீவில் தெரிகிற ஜார்ஜ் டவுனுக்கு வேஷம் கட்டியது.

மூன்றையும் நான் நிறுத்துப் பார்ப்பது ஒரே கல்லில்தான். ஊர் ஊராகப் போகிற கதையில் சத்திரக்காரனை ஏமாற்றிவிட்டு விடிவதற்குள் கிளம்பிவிடலாம். ஒரே ஊரில் மறுநாளும் அவனிடம்தான் சோறு கேட்க வேண்டும். ஆகவே அந்தச் சத்திரக்காரன் பெயர் மூன்று வாரம் கழித்தும் ஆடுகிறவர்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? இருந்தால் ஊர் தேறிவிட்டது.

முதலில் வாங்கிய ஊர். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளே ஆட்டத்துக்கு 2018இல் வந்த கதைப் புத்தகம் 'வாட்டர்டீப்: டிராகன் ஹைஸ்ட்'. ஒரு பெருநகரம், அதில் ஒளித்து வைத்த ஐந்து லட்சம் பொற்காசு, பாத்திரங்களின் பலம் முதல் லெவலில் ஆரம்பித்து ஐந்தில் முடியும் கதை. வில்லன்கள் நான்கு பேர். கேம் மாஸ்டர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் கதை நடக்கும் பருவமும் கூடவே முடிவாகிவிடும். நான் பனிக்காலத்தை எடுத்தேன். எங்களில் ஒருவரும் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஏர்கானை 16இல் வைத்துக்கொண்டு ஆடினோம்.

அதில் ஒரு அருமையான விஷயம் உண்டு. ஆரம்பத்திலேயே ஒரு பாழடைந்த மதுக்கடைக் கட்டடம் கூலியாகக் கையில் வந்துவிடுகிறது. அது கிடைத்ததும் என் ஆட்கள் புதையலை மறந்துவிட்டு, கூரைக்கு யார் பணம் கொடுப்பது, சமையலுக்கு யாரை வைப்பது என்று இறங்கிவிட்டார்கள். சொந்தக் கடை இருக்கிறவன் ஊரை விட்டு ஓடமாட்டான். அதை அப்படியே எடுத்து மற்ற இரண்டு ஊரிலும் வைத்தேன். ஆனால் பிரபுக் குடும்பங்களின் பெயர்? ஒன்றுகூட யார் மனத்திலும் ஒட்டவில்லை. எனக்கே ஒட்டவில்லை. யாராவது கேள்வி கேட்டால் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு நின்றேன். அந்த இடைவெளியில் எல்லோருடைய கையும் போனுக்குப் போய்விடும்.

வாங்கும் ஊர்தான் வேண்டுமென்றால் 2017இல் வந்த 'பிளேட்ஸ் இன் தி டார்க்' என்ற வேறொரு ரோல்பிளே ஆட்டம் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. டோஸ்க்வோல் என்ற அந்த நகரத்தைச் சுற்றி மின்னல் வேலி, வெளியே பேய்கள். "ஏன் வெளியூர் போகக்கூடாது?" என்ற கேள்விக்கே இடமில்லை. ஒவ்வொரு கும்பலோடும் உங்கள் உறவு மைனஸ் மூன்றிலிருந்து பிளஸ் மூன்று வரை தாளில் ஏறும், இறங்கும். ஒரு திருட்டு முடிந்ததும் போலீஸின் கவனம், அதாவது 'சூடு', எவ்வளவு ஏறியது, யார் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள் என்று விதியே கேட்கும். நான்கு, ஆறு, எட்டுத் துண்டுகளாக வெட்டிய வட்டம் வரைந்து, ஆபத்து நெருங்க நெருங்க ஒவ்வொரு துண்டாக நிரப்புவார்கள். ஊருக்கென்றே எழுதிய விதிகள். ஆனால் எல்லோரும் குற்றவாளியாகத்தான் ஆட வேண்டும், ஊரோ எப்போதும் இருட்டு. இரண்டு வாரம் மட்டும் தொட்டுப் பார்த்தோம், அதனால் மூன்று ஊர்க் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டாவது வாரம் நர்ஸ் சொன்னார்: "நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வரேன், இங்கேயும் விடியாதாண்ணே?"

நான் கட்டிய ஊரைப் பற்றி அதிகம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூன்று மாதம் வரைபடம் போட்டேன். சாக்கடை எந்தத் தெருவுக்கடியில் போகிறது என்பதுகூட அதில் உண்டு. எல்லாவற்றுக்கும் காரணம் வைத்திருந்தேன், அதுதான் வினை. எந்த மூலைக்குப் போனாலும் என் மூளைக்குள்தான் நடக்க வேண்டியிருந்தது. கொல்லன், கோயில் பூசாரி, கொள்ளைக்காரி மூவரும் என்னைப் போலவே பேசினார்கள். ஆடுகிறவர்கள் சொல்லாமலே சலித்துப்போனார்கள்.

மூன்றாவது ஊருக்கு வருகிறேன். பெயர் முனைப்பட்டணம். பினாங்குக்காரர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, ஜார்ஜ் டவுனை உள்ளூரில் தஞ்சோங் என்பார்கள், மலாயில் தஞ்சோங் என்றாலே முனைதானே. பினாங்கில் ஆங்கிலேயக் குடியிருப்பைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் 1786இல் வந்து இறங்கியதற்குப் பதில் ஒரு நாடு கடத்தப்பட்ட மந்திரவாதி இறங்கினான், அவ்வளவுதான் மாற்றம்.

கும்பல்களை நான் யோசிக்கவே தேவைப்படவில்லை. 1867 ஆகஸ்டில் இங்கே பத்து நாள் கலவரம் நடந்தது. ஒரு பக்கம் கீ ஹின் சீனச் சங்கமும் வெள்ளைக்கொடிச் சங்கமும், எதிர்ப்பக்கம் தோ பே கோங் சங்கமும் சிவப்புக்கொடிச் சங்கமும். கொடிச் சங்கங்களில் மலாய்க்காரர்களும் இந்திய முஸ்லிம்களும் இருந்தார்கள். அதாவது சண்டை இனத்துக்கும் இனத்துக்கும் நடுவில் இல்லை, கூட்டணிக்கும் கூட்டணிக்கும் நடுவில். கற்பனையில் நானாக இதை எழுதியிருந்தால் ஒரு இனத்துக்கு ஒரு கும்பல் என்று சோம்பேறித்தனமாகப் பிரித்திருப்பேன். கலவரம் அடங்கியதும் சங்கங்களுக்கு அபராதம் போட்டு, அந்தப் பணத்தில் காவல் நிலையங்களைக் கட்டினார்கள். அடித்துக்கொண்டவன் காசிலேயே அவனைப் பிடிக்க ஸ்டேஷன். இதைவிட நல்ல இரண்டாம் பாகம் எந்தக் கேம் மாஸ்டருக்குத் தோன்றும்?

அப்புறம் பினாங்கு ஸ்திரீட் செட்டியார் கிட்டங்கி. ஒரே கூரைக்கடியில் பல வட்டிக்கடைக்காரர்கள், ஆளுக்கொரு பெட்டகம். முனைப்பட்டணத்தில் அங்கே ஒருவரிடம் வாங்கிய கடன் பக்கத்துப் பெட்டகத்துக்காரருக்குச் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். படகுத்துறையில் குடும்பப் பெயர் வாரியாகத் தண்ணீர்மேல் நிற்கும் சீன வீடுகள், என் கதையில் நகரக் காவல் காலெடுத்து வைக்க முடியாத இடம். ஒரே தெருவுக்கு ஒவ்வொரு மொழியிலும் ஒரு பெயர்: மார்க்கெட் ஸ்திரீட், லெபோ பாசார், கடைத்தெரு. ஒரு கொலைக்கான துப்பை இதில்தான் ஒளித்து வைத்தேன். மூன்று சீட்டில் மூன்று தெருப் பெயர். மூன்றும் ஒரே தெரு என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் நடக்கிறவர்கள்!

வெளியே போகாததற்கு மின்னல் வேலியும் வேண்டாம். பாய்மரக் காலத்தில் கப்பல்கள் பருவக்காற்று மாறக் காத்துக் கிடந்த துறைமுகம் இது. டோஸ்க்வோலிலிருந்து எட்டுத் துண்டு வட்டத்தைக் கடன் வாங்கி, 'காற்று' என்று பெயர் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அது நிரம்பினால் கப்பல்கள் கிளம்பும், சாட்சிகள் கிளம்புவார்கள், கடன் கொடுத்தவன் ஆளும் வந்து இறங்குவான்.

விதிகளில் இரண்டு இடம் மட்டும் எந்த ஊருக்கும் இடிக்கும். நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 விதிப்படி. ஊருக்குள் எட்டு மணி நேரம் படுத்து எழுந்தால் எல்லா மந்திரமும் திரும்பிவிடுகிறது, பயமே இல்லை. கேம் மாஸ்டர் கையேட்டில் இருக்கும் கடுமையான ஓய்வு முறையை எடுத்துக்கொண்டேன்: சின்ன ஓய்வுக்கு எட்டு மணி நேரம், முழு ஓய்வுக்கு ஏழு நாள். அந்த ஏழு நாளில் ஊர் சும்மா இருக்காது. இன்னொன்று, ஐந்தாம் லெவலில் கைக்கு வரும் ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம். இருபது அடி ஆரம் என்றால் நாற்பது அடி அகலம், நம்ம ஊர்க் கடைவீட்டுக் கணக்கில் ஏறக்குறைய இரண்டு கடை. ஒருமுறை போட்டார்கள். அதற்கப்புறம் அந்த வரிசையில் யாரும் அவர்களுக்கு அரிசி விற்கவில்லை.

வேஷம் கட்டிய ஊரில் தொந்தரவு இல்லாமல் இல்லை. கோயில், பள்ளிவாசல், கொங்சி என்ற சீனக் குலச் சங்க வீடு எதுவும் வில்லனின் கோட்டையாகாது என்று முதல் நாளே பேசி வைத்தோம். அவை இன்றும் விளக்கெரிகிற இடங்கள். ஆடுகிறவர்கள் வெளியூர்க்காரர்களாக இருந்தாலோ, மூன்றே செஷனில் முடிக்க வேண்டுமென்றாலோ நான் வாட்டர்டீப்பைத்தான் எடுப்பேன். மதுக்கடை ஒன்றே மூன்று வாரம் தாங்கும். நம்மவர்களோடு ஆறு மாதம் என்றால் முனைப்பட்டணம்தான், சந்தேகமே இல்லை.

இன்னொரு தொந்தரவு, கேம் மாஸ்டரைவிட ஊரை அறிந்தவர்கள் வீட்டில் இருப்பார்கள். ஆடும் வீட்டுப் பெரியவர் பக்கத்து நாற்காலியில் டிவி பார்ப்பார், எங்களைக் கவனிக்கிற மாதிரியே தெரியாது. ஒருநாள் நான் ஒரு சந்தில் கிணறு இருப்பதாக வர்ணித்தபோது திரும்பாமலே சொன்னார்: "அங்க கெணறு இல்ல தம்பி. அடுத்த சந்துலதான் இருந்துச்சு. நான் குளிச்சிருக்கேன்."

பிணத்தை அந்தக் கிணற்றுக்குள்தான் போட்டு வைத்திருந்தேன். சரி என்று கிணற்றைப் பிணத்தோடு அடுத்த சந்துக்கு மாற்றினேன். சத்திரக்காரனின் பின்வாசல் அந்தச் சந்தில்தான் திறக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கணக்கர் நிமிர்ந்து பார்த்து அவன் பெயரைச் சொன்னார்.